காட்டுப்பாக்கம் குழு தோற்றதற்கு நான் சொல்லும் காரணம்

1

சேகர், செல்வி, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். செல்வி, நீ சத்தம் போட்டுப் படி. அண்ணன் பாதியில் எழுந்திருக்கப் பார்த்தால் சட்டையைப் பிடித்து உட்கார வை. இந்த முறை நைனாவிடமிருந்து கேசட் வராது, இந்தக் கோடு போட்ட நோட்டுதான் வரும். கேசட் ஏன் வரவில்லை என்பதையும் உள்ளே எழுதியிருக்கிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பென்சிலால் திருத்திவிட்டு மேலே படி, சிரிக்காதே.

இந்த மாதத்தோடு நான் மஸ்கட்டுக்கு வந்து ஒன்பது வருடம். சேகர், நான் கிளம்பிய அன்று உனக்குப் பத்து வயது, என் இடுப்பு உயரம் இருந்தாய். இன்றைக்குப் பத்தொன்பது. இந்த ஒன்பது வருடத்தில் மூன்று முறை ஊருக்கு வந்தேன். அதில் நீ ஆடி நான் பார்த்த கபடி மொத்தம் நான்கு ஆட்டம். மற்றதெல்லாம் காதால் கேட்ட ஆட்டம்தான்.

போன மாதம் நம் காட்டுப்பாக்கம் குழு அரையிறுதியில் தோற்றது. அதிலிருந்து நீ மைதானத்துப் பக்கமே போவதில்லை என்றும், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டாய் என்றும் கேசட்டின் கடைசியில் செல்வி சொல்லியிருக்கிறாள். விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு ஆள் எடுக்கும் தொழிற்சாலைக்காரர்கள் பொங்கல் கழித்து இன்னொரு முறை வந்து பார்ப்பார்களாம். அதற்கும் நீ வர மாட்டேன் என்றாயாம். "தம்மு இல்லாதவன் இன்னாத்துக்கு ஆடணும்? நானும் நைனாகிட்டயே போயிடறேன்" என்றாயாம்.

உனக்குத் தம் இல்லை என்று சொன்ன யாருக்கும் உண்மை தெரியாது. தெரிந்த ஆள் ஒருவன்தான். அவன்தான் இதை எழுதுகிறான்.

2

ஆனால் முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். நேராக விஷயத்துக்குப் போனால் கை ஓடவில்லை. இரண்டு நாளாக இந்த முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பக்கத்துக் குழுக்களைப் பற்றி என் கருத்து இது. குமணன்சாவடிக்காரர்களுக்கு உடம்பு இருக்கிறது, லாரியில் மூட்டை ஏற்றிய தோள். ஆனால் ஆடுகிற ஏழு பேரும் கேப்டன். முதல் பாதியில் பத்து பாயிண்ட் முன்னால் போவார்கள். இரண்டாம் பாதியில் ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொண்டே அதைத் திருப்பிக் கொடுப்பார்கள். செம்பரம்பாக்கம் பையன்களின் தம் வேறு யாருக்கும் வராது. ஏரியில் முங்கி வளர்ந்தவர்கள், கபடி கபடி என்று பாடிப் போனால் எதிராளிக்கே மூச்சு முட்டும். ஆனால் நிலமெல்லாம் மனையாகி ஆளுக்கு ஒரு பக்கம் போன பிறகு ஏழு பேர் சேருவதே கஷ்டமாம். ஐந்து பேரோடு இறங்கி ஆடினார்கள் என்று கேட்டபோது அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிக் கேட்டேன். எதிர்க் குழுதான், இருந்தாலும் கேட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட் குழுவில் நானே ஆடியவன், அதனால் திட்ட எனக்கு உரிமை உண்டு. நாலு பேர் பகல் ஷிப்டு, மூன்று பேர் ராத்திரி ஷிப்டு. போட்டி அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நான் லேத் ஓட்டிய பட்டறை மூடிய வருடம் அந்தக் குழுவும் பாதி கலைந்தது. இப்போது பெயருக்கு இருக்கிறது. பூந்தமல்லியில் பிள்ளைகள் வாலிபாலுக்குப் போய்விட்டார்கள். போகட்டும். ஒருத்தனை ஒருத்தன் தொடாமல் ஆடுகிற ஆட்டத்தில் எனக்கு அபிப்பிராயம் கிடையாது.

ஆவடி குவார்ட்டர்ஸ் குழுதான் உண்மையான குழு. சொல்ல மனமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர்களுக்கு நிரந்தர மைதானம் இருக்கிறது, கோடு போடச் சுண்ணாம்பு இருக்கிறது, இடைவேளையில் மோர் வருகிறது. குவார்ட்டர்ஸில் பல ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். முன்பெல்லாம் மதுரைக்காரன் மதுரை ஆட்டம் ஆடுவான், சேலத்துக்காரன் சேலத்து ஆட்டம் ஆடுவான், நாம் நடுவில் புகுந்து ஜெயிப்போம். இப்போது ஏழு பேரும் சங்கிலி போட்ட மாதிரி நிற்கிறார்களாம்.

நம்மிடம் என்ன இருக்கிறது? மனைக்கல் நட்ட காலி இடம். கல்லுக்குச் சொந்தக்காரன் வீடு கட்ட வந்தால் நாம் அடுத்த மனைக்குக் கோட்டை நகர்த்த வேண்டும். நான் வந்த பிறகு இது மூன்றாவது மைதானம். இடது கார்னர் நல்ல பிடி. வலது கார்னர் அவசரக்காரன், ஆள் வருவதற்கு முன்பே காலுக்குப் பாய்வான். பாடிப் போக சேகர் ஒருவன்தான். ஒரே பாடகனை வைத்துக்கொண்டு எத்தனை கச்சேரி நடத்த முடியும் என்று தனபாலிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

இப்படிக் கேட்டதுதான் நான் செய்த பாவத்தின் ஆரம்பம்.

3

தனபால் மாமாவை உங்களுக்குத் தெரியும். எஸ்டேட் குழுவில் என் பக்கத்தில் நின்று ஆடியவன். முழங்கால் போன பிறகு குமணன்சாவடியில் சைக்கிள் கடை, போட்டி என்றால் மைக். அவன்தான் டேப் ரெக்கார்டரை மைக் மேஜைக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டத்தை எனக்காகப் பதிவு செய்பவன்.

இங்கே எங்கள் அறையில் ஐந்து பேர். நான் தண்ணீர் பம்பு பழுது பார்க்கும் பட்டறையில் லேத்தில் நிற்கிறேன். காலை ஐந்தே முக்காலுக்கு வண்டி, மாலை ஆறுக்குத் திரும்பினால் குளியலறைக்கு வரிசை. மேஸ்திரி பேசும் ஹிந்தி எனக்குப் பாதி புரியும், நான் பேசும் ஹிந்தி அவருக்குக் கால்வாசி புரியும். வெள்ளிக்கிழமைதான் எனக்கு நாள். அன்று கேசட் போடுவேன். அம்மா பேசுவாள், செல்வி பள்ளிக்கூடத்துச் செய்தி சொல்வாள், சேகர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடுவான். அப்புறம் ஆட்டம். அறையில் இருக்கிற தூத்துக்குடிக்காரர் ராஜாமணிக்குக் கபடியே தெரியாது, இப்போது நம் வலது கார்னரை என்னைவிட அதிகமாகத் திட்டுகிறார்.

நமக்கு ஒரே கேசட்தான், போய் வந்துகொண்டிருக்கிறது. ஊருக்குப் போகிறவரிடம் ஒரு கேசட்டுக்கு மேல் கொடுக்க எனக்கு முகம் கிடையாது. அதனால் நீங்கள் பேசி அனுப்பியதன் மேலேயே நான் பேசி அனுப்புவேன். நான் பேசியதன் மேலேயே நீங்கள் பேசி அனுப்புவீர்கள். நான் பதில் சொல்லச் சொல்ல உங்கள் குரல் அழிந்துகொண்டே போகும். ஒன்பது வருடமாக இப்படித்தான் நடந்தது. அதில் ஒரு கெடுதல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

4

இப்போது எடை மிஷின்.

நம் பக்கத்துப் போட்டிகளில் எடைப் பிரிவு உண்டு என்பது இதைக் கேட்கிற மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் குழு ஆடுவது அறுபது கிலோ பிரிவு. காலையில் தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள். அறுபதுக்கு மேல் கால் கிலோ இருந்தாலும் வெளியே போ என்பார்கள். அதனால் போட்டிக்கு முந்தின வாரம் பையன்கள் சாப்பாட்டைக் குறைப்பார்கள், வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு ஓடுவார்கள், புளியை வாயில் அடக்கி எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பார்கள். நானும் துப்பியவன்தான். அறுபதுக்கு அரைக் கிலோ கீழே நின்றுகொண்டால் உடம்பில் பலமும் இருக்கும், தராசும் விடும். அளவு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அளவுக்காகத்தான் போன வருடம் எங்கள் அறை எடை மிஷினை அனுப்பினேன். ஏறி நின்றால் முள் ஓடிக் காட்டுமே, அது. நாங்கள் அதைப் பெட்டி எடை பார்க்க வைத்திருந்தோம். இங்கே எல்லா அறையிலும் அது ஒன்று இருக்கும். ஊருக்குப் போகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பான், பிறகு பெட்டி இல்லாமல் நிற்பான், கழித்துப் பார்ப்போம். ஒரு முறை ராஜாமணியின் பெட்டி அறையில் சரியாக இருந்தது, ஏர்போர்ட்டில் கூடிவிட்டது. பிள்ளைக்கு வாங்கிய பால் பவுடர் டின்னை எல்லார் முன்னாலும் எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வந்ததும் நான்தான் சொன்னேன்: "மிஷின் ரெண்டு கிலோ கூட்டியே காட்டட்டும் அண்ணாச்சி. இங்க பயந்தா அங்க பயப்பட வேணாம்."

பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. அதைத் திருப்பி, யாரும் ஏறாதபோதே முள்ளை இரண்டில் நிறுத்தினேன். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று சக்கரத்தின் மேல் கறுப்பு டேப்பும் ஒட்டினேன். என் கையால் ஒட்டினேன்.

அறைக்குப் புது மிஷின் வாங்கியதும் பழையதைத் துடைத்து, துணியில் சுற்றி, காட்டுப்பாக்கத்துக்கு அனுப்பினேன். டேப்பைப் பிரிக்கவில்லை. மறந்துவிட்டேன்.

சேகர், நான் இருபத்திரண்டு வருடம் லேத்தில் நிற்கிறவன். மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தால் முதலில் அதை மூடி, சைபரில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. அதை மறந்தவனைப் பட்டறையில் நிற்க வைக்க மாட்டார்கள்.

5

மறந்ததை மன்னிக்கலாம். நான் எழுத வந்தது மறந்ததை இல்லை.

நீ கேட்டாய். போட்டிக்கு மூன்று மாதம் முன்னால் வந்த கேசட்டில் கேட்டாய். உன் இரண்டு வார்த்தை முடிந்து, ஓடப் போனவன் திரும்பி வந்து கேட்டாய்.

"நைனா, மிஷின்ல ஒருத்தரும் ஏறாதப்பவே முள்ளு ரெண்டுல நிக்குது. அது அப்டித்தானா? மறக்காம சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அட, டேப்பைப் பிரிக்காமலே அனுப்பிவிட்டேனே, சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பதில் பேச உட்கார்ந்தபோது முதலில் வலது கார்னரைப் பற்றி ஆரம்பித்தேன். அவன் காலை எங்கே வைக்க வேண்டும், கையை எப்போது நீட்ட வேண்டும், குவார்ட்டர்ஸ்காரன் சங்கிலியை எந்த இடத்தில் உடைக்க வேண்டும், இன்னொரு பாடகனை எப்படித் தயார் செய்ய வேண்டும். ஒரு பக்கம் முழுக்கப் பேசினேன், திருப்பிப் போட்டு இன்னொரு பக்கமும் பேசினேன். ராஜாமணி இரண்டு தடவை டீ வைத்துக் கொடுத்தார். மிஷினைப் பற்றிக் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன். பேச்சு மும்முரத்தில் பட்டன் டக்கென்று மேலே எழும்பியது. கேசட் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை ஊருக்குப் போகிறவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்றரை மணி நேரம் உங்கள் ஆட்டத்தைப் பற்றி இங்கிருந்து பேசினேன். நீ கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அதோடு, நான் பேசிய பேச்சு உன் கேள்வியின் மேலேயே ஏறி அதை அழித்துவிட்டது. அது மறுபடி என் காதில் விழவே வழியில்லாமல் போயிற்று.

6

போட்டி நாளுக்கு நான் வந்திருந்தால்? வரத்தான் பார்த்தேன். கம்பெனி ஆபீசில் லீவுக்கு ஒரு ஃபாரம். காரணம் எழுதும் இடத்தில் மூன்று கட்டம்தான்: சாவு, கல்யாணம், நோய். நான் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில், மகனுடைய கபடி ஆட்டம், வேலைக்குத் தேர்வு என்று எழுதிக் கொடுத்தேன். கிளார்க் படித்துவிட்டு, "கபடி உனக்கு என்ன உறவு?" என்றார். விளக்கினேன். அவர் பேனாவால் மூன்று கட்டத்தையும் தட்டிக் காட்டினார்.

"மவனுக்குச் சீக்குன்னு போடுங்க அண்ணாச்சி. ஊர்ல போய் ஒரு டாக்டர்ட்ட சீட்டு வாங்கிக்கிடலாம்" என்றார் ராஜாமணி.

"அந்தச் சொல் என் வாயால் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். நோய் என்று எழுதினால் உனக்கு ஏதாவது வந்துவிடும் என்று பயம். எழுதாமலே வந்துவிட்டது.

7

போன மாதக் கேசட் ஆவடிக்காரர் ஒருவர் கையில் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் போட்டேன். முதலில் எடை பார்க்கிற இடம், தனபால் குரல்.

"மாமே, ஏழுமல, கேட்டுக்கோ. நம்ம பசங்க எல்லாம் எடை போட்டாச்சு. சேகரு அம்பத்தெட்டு. இன்னாடா இது, அறுபதுல நிக்கணும்னு பாத்தா ரெண்டு கொறஞ்சி கீது. காலீல ஓடுனது ஜாஸ்தியாப் பூட்ச்சு போல."

பக்கத்தில் யாரோ சிரிக்கிறான். "டேய் சேகரு, துன்னியா இல்லியா? காத்தடிச்சா பறந்துடுவ போலக்கீது!"

"நாலு நாளா கஞ்சித் தண்ணிதாண்டா" என்று நீ சொல்வது லேசாகக் கேட்கிறது. உன் குரலே வற்றிப் போயிருந்தது.

அப்புறம் தனபால் சொன்னதுதான் என்னைக் கொன்றது. "ஒரு வாரம் முன்னாடி பழைய பேப்பர் கடைத் தராசுல பசங்க ஏறிப் பாத்தாங்க மாமே. எல்லாரும் ரெண்டு ரெண்டு கிலோ கம்மி. சேகரு ஒத்துக்கல. பேப்பர் கடைக்காரன் தராசு எப்பவும் கொறச்சித்தான காட்டும், வாங்கறவன் தராசு அது, எங்க நைனா அனுப்புன மிஷினு அறுவத்திரண்டு காட்டுது, எங்க நைனா லேத்துக்காரரு, மயிரளவு கூட தப்பு உடமாட்டாருன்னுட்டான். அப்பால யாரு பேச முடியும்?"

ராஜாமணி ரெக்கார்டரை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, அது நம்ம மிஷினாக்கும்?"

"ஆமாம்."

"அந்தக் கறுப்பு டேப்பு?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினார், சாவு வீட்டில் சாத்துகிற மாதிரி.

மீதியைத் தனியாகக் கேட்டேன். முதல் ஆட்டம் ஜெயித்தோம், எப்படி ஜெயித்தோம் என்று இன்னும் தெரியவில்லை. அரையிறுதியில் குவார்ட்டர்ஸ் குழு. இடைவேளையில் சமம். கடைசி நிமிடத்தில் நாம் ஒரு பாயிண்ட் பின்னால். உன் முறை. தனபால் மைக்கில் கத்துகிறான்: "காட்டுப்பாக்கம் சேகர் பாடி வர்றார்! தொழிற்சாலை அய்யாமாருங்க நல்லா பாத்துக்கோங்க!" கூட்டத்தில் ஒருவன், "பாத்துக்கினுதான் கீறாங்க, நீ மூடு" என்கிறான். உன் குரல் மேஜைக்கு அருகே வருகிறது. கபடி கபடி கபடி. விலகிப் போகிறது. ஒருவனைத் தொட்டுவிட்டாய், கூட்டம் எழுகிறது. இன்னொருவன். ஜெயித்தாகிவிட்டது, கோட்டுக்குத் திரும்பினால் போதும். குரல் மறுபடி மேஜைக்கு அருகே வருகிறது, கபடி, கபடி, கப...

நின்றுவிட்டது. உன்னை யாரும் பிடிக்கவில்லை. நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருந்ததாம்.

"தண்ணி எட்த்தாங்கடா! டேய், தண்ணி!" என்று தனபால் மைக்கிலேயே கத்துகிறான். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

அதற்கப்புறம் செல்வி, மெதுவாக, அம்மாவுக்குத் தெரியாமல் பேசியிருக்கிறாள். தொழிற்சாலைக்காரர்கள் பையனுக்குத் தம் பத்தாது என்று சொல்லிவிட்டார்களாம். பொங்கல் கழித்து வேண்டுமானால் இன்னொரு முறை பார்க்கிறோம் என்றார்களாம், தனபால் காலில் விழாத குறையாகக் கேட்டதால். "அண்ணன் பேசறதே இல்ல நைனா. சுவத்தப் பாத்து படுத்துக்குது."

8

மறுநாளே கம்பெனி ஆபீசுக்குப் போனேன். இந்தத் தடவை நோய்க் கட்டத்தில் டிக் போட்டேன், உண்மையாகவே போட்டேன். டாக்டர் சீட்டு, அதில் சீல், அதை இன்னொரு ஆபீசில் காட்டி மேலே இன்னொரு சீல், எல்லாம் ஊரிலிருந்து வர வேண்டுமாம். அது வருவதற்குள் பொங்கல் போய்விடும்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை போன் செய்தேன். தனபால் கடைக்குப் பக்கத்து மருந்துக் கடை நம்பர். ஆள் அனுப்பிக் கூட்டி வரச் சொல்லி, அரை மணி கழித்து மறுபடி போட்டேன். செல்விதான் எடுத்தாள்.

"அண்ணன் வரல நைனா."

"ஏன்மா?"

"உன் கையில பேச வெக்கமாக் கீதாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மருந்துக் கடையில் நாலு பேர் நிற்கிற சத்தம் கேட்டது. இங்கே பூத்தில் என் பின்னால் வரிசையில் ஏழு பேர். ஒன்றரை மணி நேரம் பேசத் தெரிந்த வாய்க்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

"அண்ணனை நல்லா சாப்பிடச் சொல்லு" என்றேன்.

"இப்ப சாப்புடுது நைனா. சாப்புட்டுகினே கீது. அம்மாதான் பாத்து அழுவுது."

சேகர், வெட்கப்பட வேண்டியது நீ இல்லை. நான்.

இப்போது நான் சொல்வதைச் செய்யுங்கள். செல்வி, மிஷினை எடுத்து சிமெண்டுத் தரையில் வை. வலது பக்கம் கீழே கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். அதைப் பிரி. உள்ளே இருக்கிற சின்னச் சக்கரத்தை மெதுவாகப் பின்பக்கம் திருப்பு, முள் சைபரில் வந்து நிற்கிற வரைக்கும். நின்ற பிறகு அண்ணனை ஏறச் சொல். அப்புறம் இந்த நோட்டைத் தனபால் மாமாவிடம் கொடு. மைதானத்தில் எல்லாப் பையன்களும் இருக்கும்போது, மைக் கிடைத்தால் மைக்கில், நான்காவது பகுதியிலிருந்து படிக்கச் சொல். என்னைப் பற்றி எழுதியிருப்பதில் ஒரு வரியும் விடக் கூடாது என்று சொல். தொழிற்சாலைக்காரர்கள் வந்தால் அவர்களிடமும் காட்டலாம். நாலு நாள் கஞ்சித் தண்ணீரோடு, தேவையில்லாமல் இரண்டு கிலோ சதையைக் கரைத்துவிட்டு, குவார்ட்டர்ஸ் சங்கிலியில் இரண்டு பேரைத் தொட்டவனுக்குத் தம் பத்தாது என்றால், அப்புறம் தம் என்பது என்ன என்று அவர்களே சொல்லட்டும்.

இந்த நோட்டு உங்கள் கைக்கு வரப் பதினைந்து நாள் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம். பொங்கலுக்கு முன்னால் வருமா என்று எனக்குத் தெரியாது. போஸ்ட் ஆபீசில் கேட்டேன், அவர்களுக்கும் தெரியாது. தினமும் வேலை முடிந்து வந்ததும் நாள் எண்ணுகிறேன். எந்த மாதிரி எண்ணினாலும் சரியாக வரவில்லை.

நீ இங்கே வர வேண்டாம். இந்த அறையில் ஆறாவது கட்டில் போட இடம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். நான் உன்னை நான்கு ஆட்டம்தான் பார்த்திருக்கிறேன். ஐந்தாவதைப் பார்க்காமலே இருக்கிறேன், பரவாயில்லை. நீ ஆடு. என்னை நம்பி நீ பட்டினி கிடந்தாய். இனிமேல் நான் அனுப்புகிற எதையும் நம்புவதற்கு முன்னால் சைபரைப் பார்.

9

மேலே உள்ளதை எழுதி முடித்தபோது வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. மற்ற நாலு பேரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். கேசட்டைப் போட்டு, திருப்பி ஓட்டி, உன் கடைசிப் பாட்டை மட்டும் கேட்டேன். மேஜைக்கு அருகே வருகிறது, விலகுகிறது, திரும்பி வருகிறது. எண்ணிப் பார்த்தேன், எண்பத்தொரு கபடி. எஸ்டேட் குழுவில் நானோ தனபாலோ ஒருநாளும் ஒரே மூச்சில் எண்பத்தொன்று பாடியதில்லை. சோறு தின்றே பாடியதில்லை.

கேசட்டை வெளியே எடுத்தேன். அதன் தலைப் பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் இறங்காது, அதன் மேல் யாராலும் பேச முடியாது. பட்டறைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முதலில் ஒன்றை உடைத்தேன், பிறகு மற்றதையும். இரண்டு துண்டும் கட்டிலுக்கு அடியில் தெறித்தன. ரெக்கார்டரில் போட்டுப் பட்டனை அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை.